கேள்வி எங்கே?

1961-ம் ஆண்டில் இந்தியாவில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர் என்றும் அதில் எண்ணினார்கள். சுமார் 6 கோடிப் பேர் என்று தெரிந்தது.

10 ஆண்டு கழிந்தது. 1971-ல் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர்?

சுமார் 3 கோடிப் பேர்தான்!

அந்தப் 10 ஆண்டில் நாட்டின் ஜனத்தொகை சுமார் 11 கோடி கூடியிருந்தது. பெண்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. ஆனால், வேலை செய்யும் பெண்கள் மட்டும் பாதியாகக் குறைந்துவிட்டார்கள்.

மீதி 3 கோடிப் பெண்கள் என்ன ஆனார்கள்? நாற்று நடுவதை விட்டுவிட்டார்களா? களை எடுப்பதை நிறுத்திவிட்டார்களா? மாட்டை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்களா?

அப்படி ஒன்றும் இல்லை. வயலில் இருந்தவர்கள் வயலில்தான் இருந்தார்கள். அவர்களிடம் கேட்ட கேள்விதான் மாறிவிட்டது!

என்ன மாற்றம்?

1961-ல், விவசாயம் போன்ற பருவ வேலைகளுக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். பருவத்தின் பெரும்பகுதி நாட்களில், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தால் போதும். அவர் "வேலை செய்பவர்".

காலையில் சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கணவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், உச்சி வெயில் வரை களை எடுத்த பெண் இந்தக் கணக்கில் வந்துவிட்டாள்.

1971-ல் விதியை மாற்றினார்கள். "உங்களுடைய முக்கியமான வேலை எது?" என்று கேட்டார்கள். வீட்டு வேலையே முக்கியம், மற்றது அதற்குத் துணை என்றால், முக்கிய வேலைக் கணக்கில் அவள் "வேலை செய்யாதவள்". வயல் வேலையை இரண்டாவது வேலையாகத் தனியே குறித்துக்கொண்டார்கள்.

அதே பெண். அதே வயல். அதே களை. ஒரு கணக்கில் உழைப்பாளி. மறு கணக்கில் வீட்டில் இருப்பவள்.

1981-ல் மறுபடியும் கேள்வியை மாற்றினார்கள். "போன ஓராண்டில் எப்போதாவது வேலை செய்தீர்களா?" என்று முதலில் கேட்டார்கள். அதிக நாள் வேலை செய்தவர்களை ஒரு பிரிவிலும், சில நாள் வேலை செய்தவர்களை வேறு பிரிவிலும் சேர்த்தார்கள். இரண்டு பிரிவையும் கூட்டினால், வேலை செய்யும் பெண்கள் 6 கோடிக்கு மேல் இருந்தார்கள்.

காணாமல் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்!

மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேள்வியைத் தெரிந்துகொள்ளாதவருக்குத் தலை சுற்றும். "1971-ல் பெண்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதலாம். "1981-ல் ஒரு பெரிய புரட்சி நடந்துவிட்டது" என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டும் தப்பு.

கேட்ட கேள்வியும், கணக்கு எடுத்தவர்களுக்குக் கொடுத்த விதிகளும் அச்சில் இருந்ததால்தான் இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது. அவை குப்பைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 3 கோடிப் பெண்களின் உழைப்பு மறைந்ததற்குக் காரணமே தெரியாமல் போயிருக்கும்.

பதிலை வெளியிடுகிறவர்கள் கேள்வியையும் கூடவே வெளியிட வேண்டும். கேட்டதைக் கேட்டபடியே, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாத கணக்கை நம்பத் தேவை இல்லை.

முன்பா, பின்பா?

ரத்தப் பரிசோதனைக்குப் போகாத குடும்பம் இன்று குறைவு. சீட்டில் "சர்க்கரை 135" என்று மட்டும் எழுதியிருந்தால் டாக்டர் என்ன கேட்பார்?

"சாப்பிடுவதற்கு முன்பு எடுத்ததா, பின்பு எடுத்ததா?" என்று கேட்பார்.

வெறும் வயிற்றில் 135 என்றால் நீரிழிவு இருக்கலாம் என்று பொருள். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து 135 என்றால் பயம் இல்லை. எண் ஒன்றுதான். எப்போது எடுத்தது என்று தெரியாவிட்டால் அந்தச் சீட்டுக்கு மதிப்பு இல்லை.

"100-க்கு 60 பேர் ஆதரவு", "100-க்கு 40 பேருக்குக் கவலை" என்று தினமும் செய்திகள் வருகின்றன. அவையும் பரிசோதனைச் சீட்டுகள்தான். என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று தெரியாவிட்டால், "முன்பா, பின்பா" என்று தெரியாத சீட்டைப் போலத்தான்.

7 நாளா, 30 நாளா?

இந்தியாவில் ஏழைகள் எத்தனை பேர்? இது சாதாரணக் கேள்வி அல்ல. எவ்வளவு பணம் ஒதுக்குவது, யாருக்கு அரிசி கொடுப்பது என்பதெல்லாம் இதைப் பொறுத்த விஷயம்.

இதைக் கண்டுபிடிக்க, சர்க்கார் வீடு வீடாக ஆள் அனுப்பி, குடும்பச் செலவைக் கேட்டு எழுதுகிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு என்று இதற்குப் பெயர். பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் 1950-ம் ஆண்டில் இது தொடங்கியது. எல்லா வீட்டுக்கும் போகாமல், சில வீடுகளைப் பொறுக்கி எடுத்துக் கேட்டு, நாட்டின் நிலையைக் கணிப்பது இதன் வழி. ஒரு சோறு பதம் பார்ப்பது போல.

"கடந்த 30 நாளில் அரிசி எவ்வளவு வாங்கினீர்கள்? எண்ணெய் எவ்வளவு? பருப்பு எவ்வளவு?" என்று கேட்பது பல ஆண்டு வழக்கமாக இருந்தது.

"30 நாள் கணக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்? 7 நாள் கணக்கைக் கேட்டால் என்ன?" என்று சிலர் சொன்னார்கள். 1994 முதல் 1998 வரை அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில வீடுகளில் 30 நாள் கணக்கைக் கேட்டார்கள். வேறு சில வீடுகளில் சாப்பாட்டுச் செலவுக்கு 7 நாள் கணக்கைக் கேட்டார்கள்.

நிபுணர்கள் திகைத்துவிட்டார்கள். 7 நாள் கணக்குக் கேட்ட வீடுகளில் செலவு அதிகமாக இருந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஏழைகளின் தொகை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது!

யாருக்கும் ஒரு ரூபாய் கூடக் கூலி உயரவில்லை. "30" என்ற எண்ணை "7" என்று மாற்றியதில் கோடிக்கணக்கான ஏழைகள் ஏழைகளாக இல்லாமல் போனார்கள்.

எது சரி? 30 நாள் என்றால் சில செலவுகள் மறந்துபோகும். 7 நாள் என்றால், போன வாரத்துக்கு முன்பு வாங்கியதும் "இப்போதுதானே வாங்கினோம்" என்று உள்ளே புகுந்துவிடும். 1950-களில் மேற்கு வங்கத்தில் தராசு வைத்தே நிறுத்துப் பார்த்தார்கள். அரிசிக்கு 30 நாள் கணக்கே தராசுக்கு நெருக்கமாக இருந்தது.

பிறகு 1999-2000 கணக்கெடுப்பு வந்தது. ஒரே காகிதத்தில் இரண்டு பத்தி போட்டார்கள். ஒன்று 7 நாளுக்கு. மற்றொன்று 30 நாளுக்கு. ஒரே வீட்டில் இரண்டையும் கேட்டார்கள்.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? 7 நாளைக்கு ஒரு கிலோ எண்ணெய் என்று சொல்லிவிட்டார். அடுத்து 30 நாள் கணக்கைக் கேட்டால், மனசுக்குள் நாலால் பெருக்கி "நாலு கிலோ" என்பார். இப்படி ஒரு பதில் மற்றொரு பதிலை இழுத்துவிடும்.

அந்த ஆண்டு, ஏழைகள் 100-க்கு 26 பேர் என்று கணக்கு வந்தது. 1993-94-ல் 100-க்கு 36 பேராக இருந்தவர்கள்! "வறுமை ஓடுகிறது" என்று சிலர் மகிழ்ந்தார்கள். "கேள்வித்தாளைப் பாருங்கள்" என்று வேறு சிலர் சொன்னார்கள். பெரிய விவாதம் மூண்டது. பொருளாதார நிபுணர் ஆங்கஸ் டீட்டன் இந்த விவாதத்தில் முக்கியமானவர். பிறகு 2015-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

2004-05-ல் இரண்டு வகையாகக் கணக்குப் போட்டு, இரண்டையும் வெளியிட்டார்கள். எல்லாச் செலவுக்கும் 30 நாள் என்றால், ஏழைகள் 100-க்கு 27 அல்லது 28 பேர். துணி, படிப்பு போன்ற சில செலவுகளுக்கு மட்டும் ஓராண்டுக் கணக்கை எடுத்தால், 100-க்கு சுமார் 22 பேர்.

எது சரி என்பது நிபுணர்கள் சண்டை. ஆனால், அந்தச் சண்டை போட முடிந்ததே, அதுதான் முக்கியம். கேள்வித்தாள் வெளியே இருந்தது. பத்திகள் இரண்டா, ஒன்றா என்று யாரும் பார்க்கலாம். "26" என்ற எண் மட்டும் இருந்திருந்தால் எதை வைத்து வாதாடுவது?

எதை முதலில் கேட்டார்கள்?

சொல் மாறாமல் இருந்தாலும், வரிசை மாறினால் பதில் மாறும். இதற்கு 1948-ல் அமெரிக்காவில் நடந்த சோதனை நல்ல சாட்சி.

ரஷியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பகை முற்றிக்கொண்டிருந்த நேரம் அது. "ரஷியா போன்ற கம்யூனிஸ்டு நாடுகளின் நிருபர்கள் அமெரிக்காவுக்கு வந்து, பார்த்ததை எழுதி அனுப்ப விடலாமா?" என்று ஜனங்களைக் கேட்டார்கள். 100-க்கு 36 பேர்தான் "விடலாம்" என்றார்கள்.

வேறு ஒரு கூட்டத்தாரிடம் வேறு ஒரு கேள்வியை முதலில் கேட்டார்கள். "அமெரிக்க நிருபர்கள் ரஷியாவுக்குப் போய் எழுதி அனுப்ப, ரஷியா விட வேண்டுமா?" என்பது அந்தக் கேள்வி. "விடத்தான் வேண்டும்" என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அடுத்து அந்தப் பழைய கேள்வி வந்தது. இப்போது 100-க்கு 73 பேர் "அவர்களையும் விடலாம்" என்றார்கள்!

நம் ஆள் அங்கே போகலாம் என்று சொன்ன வாய், அவன் ஆள் இங்கே வரக்கூடாது என்று சொல்லக் கூசியது. நியாயம் குறுக்கே வந்துவிட்டது.

36 உண்மையா, 73 உண்மையா? இரண்டும் உண்மைதான். எது முதலில் வந்தது என்பதைச் சொன்னால்!

இல்லை என்பது இல்லையா?

ஹிட்லரின் நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். உலகம் அறிந்த கொடுமை இது. அமெரிக்கர்கள் இதை எவ்வளவு தூரம் அறிவார்கள் என்று 1992-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள்.

கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது: "நாஜிகள் யூதர்களை அழித்தது என்பது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியம் இல்லை என்று தோன்றுகிறதா?"

இதை ஒரு தடவை படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். "இல்லை" என்பதற்கு மேல் இன்னொரு "இல்லை". இதை வாசற்படியில் நிற்க வைத்துக் கேட்டால்?

100-க்கு 22 பேர் "சாத்தியம்" என்றார்கள். கணக்கு 1993-ல் வெளிவந்ததும் உலகமே அதிர்ந்தது. ஐந்தில் ஒருவர் இந்தக் கொடுமையைச் சந்தேகிக்கிறாரா? யூதர்கள் மனம் புண்பட்டார்கள்.

சிலர் கேள்வியை எடுத்துப் படித்தார்கள். கோளாறு அங்கே இருப்பது தெரிந்தது. 1994-ல் அதே நிறுவனத்தார், சிக்கல் இல்லாத சொற்களில் மறுபடியும் கேட்டார்கள். நடக்கவில்லை என்பது சாத்தியம் என்று சொன்னவர்கள் 100-க்கு ஒருவர்தான்!

கேள்வி அச்சில் இருந்தது. ஆகவே தப்பு திருந்தியது. தப்பான கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். அது குற்றம் இல்லை. கேட்ட பிறகு அதை அழகாகத் திருத்தி எழுதி, "இப்படித்தான் கேட்டோம்" என்று சொல்வதுதான் குற்றம்.

என்னென்ன எழுத வேண்டும்?

ஒரு கணக்கெடுப்பை நேர்மையாகப் பதிவு செய்ய, பெரிய படிப்புத் தேவை இல்லை. நாணயம் இருந்தால் போதும்.

முதலாவது, கேள்வியைக் கேட்டபடியே எழுத வேண்டும். "வேலையைப் பற்றிக் கேட்டோம்" என்று சுருக்கிச் சொல்வது பதிவு ஆகாது. வாசலில் நின்று எந்தச் சொல்லைச் சொன்னார்களோ, அந்தச் சொல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பதில்களையும் எழுத வேண்டும். "ஆம், இல்லை" என்று இரண்டு மட்டும் கொடுத்தார்களா? "தெரியாது" என்று சொல்ல இடம் இருந்ததா? சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர்? தெரியாது என்றவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் வீங்கிவிடும்.

மூன்றாவது, வரிசை. எந்தக் கேள்விக்குப் பின் எது? யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போனார்கள்? "குழந்தை உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்றவரிடம் "எத்தனை குழந்தை" என்று கேட்க மாட்டார்கள் அல்லவா? அந்தத் தாண்டல்களையும் குறிக்க வேண்டும்.

நான்காவது, கேட்கப் போனவர்களுக்குக் கொடுத்த விதிகள். காகிதத்தில் உள்ள கேள்வி பாதிதான். மீதிப் பாதி இந்த விதிகளில் இருக்கிறது. 3 கோடிப் பெண்களை மறைத்தது இந்தப் பாதிதான்!

நல்ல விதிக்கும் உதாரணம் உண்டு. ஜனத்தொகைக் கணக்கில் தாய்மொழியைக் கேட்கும்போது, "அவர் சொன்ன பெயரையே எழுது. அது தனி மொழியா, கிளைமொழியா என்று நீ தீர்ப்பு சொல்லாதே" என்பது விதி. 2011-ல் இப்படி எழுதியதில் 19,569 பெயர்கள் வந்தன. நிபுணர்கள் பிறகு உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி, 1,369 தாய்மொழிகள் என்று வகுத்தார்கள். ஜனங்கள் சொன்னது எது, நிபுணர்கள் வகுத்தது எது என்று இரண்டு எண்ணும் தனித்தனியே தெரிகிறது. இதுதான் நேர்மை.

ஐந்தாவது, யாரிடம், எந்த ஊரில், எந்த மாதத்தில், எப்படிக் கேட்டார்கள் என்பது. அறுவடை மாதத்தில் கேட்டால் வேலை இருக்கும். கோடையில் கேட்டால் இருக்காது. நேரில் கேட்டால் ஒரு பதில் வரும். டெலிபோனில் கேட்டால் வேறு பதில் வரலாம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் சொல்லும் பதில் ஒன்று. தனியாகச் சொல்லும் பதில் வேறு!

ஆறாவது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியது என்பது. ஒரு சொல் மாறினாலும் "மாறியது" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

"வேலை பார்க்கிறீர்களா?"

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று, எந்த மொழியில் கேட்டார்கள் என்பது.

கேள்வித்தாளை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் தமிழில் கேட்கிறார்கள். பிறகு புத்தகத்தில் ஆங்கிலக் கேள்வியை மட்டும் அச்சிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொன்ன பெண்மணி அந்த ஆங்கிலக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அவர் காதில் விழுந்தது தமிழ்க் கேள்வி!

"வேலை பார்க்கிறீர்களா?" என்று கேட்டால், மாதச் சம்பள உத்தியோகம் என்றுதான் பலர் நினைப்பார்கள். மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றும் பெண் "இல்லீங்க, வீட்டில் சும்மாதான் இருக்கேன்" என்பார். "வேலை செய்கிறீர்களா?" என்றால் கூலி வேலை என்று நினைப்பார். "தொழில் என்ன?" என்றால் வீட்டுக்காரரின் தொழிலைச் சொல்வார்.

"மாடு வளர்க்கிறீர்களா? பால் கறப்பது யார்? வயலுக்குப் போவது உண்டா? பூக்கட்டுவது, பீடி சுற்றுவது, அப்பளம் போடுவது உண்டா?" என்று கேட்டால்தான், அந்தச் "சும்மா"வுக்குள் ஒளிந்திருக்கும் உழைப்பு வெளியே வரும்.

"குடும்பம்" என்ற சொல்லும் இப்படித்தான். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களா? சொந்தபந்தம் எல்லாருமா? சில ஊர்களில் மனைவியையே "குடும்பம்" என்று சொல்கிற ஆண்கள் உண்டு!

ஆகவே, தமிழில் கேட்டது தமிழிலேயே அச்சாக வேண்டும். பழங்குடி மக்களிடம் அவர்கள் மொழியில் வாய்மொழியாக மாற்றிச் சொன்னால், அப்படிச் சொன்னதையும் குறிப்பிட வேண்டும்.

எது ரகசியம்?

கேள்வியை ஊரறிய வைப்பது வேறு. பதில் சொன்னவரை ஊரறிய வைப்பது வேறு.

நம்பிச் சொன்னவரின் பெயர், வீட்டு எண், வருமானம், நோய் ஆகியவை வெளியே போகக்கூடாது. இந்தியாவில் 1948-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குச் சட்டமே இதற்குக் காவல். கணக்கில் ஒருவரைப் பற்றி எழுதிய குறிப்பை மற்றவர் பார்க்க உரிமை இல்லை. கோர்ட்டில் சாட்சியமாகவும் அது செல்லாது.

பதில் சொன்னவர் ரகசியம். கேட்ட கேள்வி பகிரங்கம். இதைத் தலைகீழாக்குகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கேள்வியை மூடி வைத்துக்கொண்டு, பதில் சொன்னவரின் டெலிபோன் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு அல்லவா?

சாக்குகள்

கேள்வியை வெளியிடச் சொன்னால் சிலர் சாக்குச் சொல்வார்கள்.

"இடம் இல்லை" என்பார்கள். 400 பக்கப் புத்தகத்தில் கேள்விக்கு 20 பக்கம் ஒதுக்க முடியாதா? தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று 1992-93 முதல் நடந்து வருகிறது. தாய் சேய் நலம், சத்துணவு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அதன் அறிக்கைப் புத்தகத்தின் கடைசியில் கேள்வித்தாளையும் சேர்த்து அச்சிடுகிறார்கள். அவர்களால் முடிகிறது!

"யார் படிக்கப்போகிறார்கள்?" என்பார்கள். ஆயிரத்தில் ஒருவர் படித்தால் போதும். கோவில் வரவு செலவைப் பலகையில் ஒட்டுகிறார்கள். எல்லாருமா நின்று படிக்கிறார்கள்? யாரோ ஒருவர் படிப்பார் என்ற பயத்திலேயே கணக்கு ஒழுங்காக இருக்கிறது.

"கேள்வி எங்கள் சொத்து. போட்டிக்காரன் எடுத்துக்கொள்வான்" என்று சில கம்பெனிகள் சொல்லும். நல்லது. அப்படியானால் பதிலையும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். பதிலைக் கொட்டகை போட்டுக் காட்டிவிட்டு, கேள்வியை மட்டும் மறைப்பது நியாயம் அல்ல.

உண்மையான காரணம் வேறு. கேள்வி வெளியே வந்தால் அதன் ஓட்டையும் வெளியே வரும். அந்தப் பயம்தான். ஓட்டை தெரிந்தால் அடைக்கலாம். தெரியாவிட்டால் கப்பல் முழுகும்.

செல்போனில் கேள்வி

பழைய காலத்தில் கேள்வி காகிதத்தில் இருந்தது. இன்று கணக்கு எடுக்கிறவர்கள் கையில் செல்போன் இருக்கிறது. அடுத்த ஜனத்தொகைக் கணக்கு 2027-ல், செல்போன் வழியாக எடுக்கப்படும் என்று 2025-ல் அறிவித்தார்கள்.

இதில் சௌகரியம் அதிகம். கூட்டல் பிழை குறையும். காகிதச் செலவு மிச்சம். ஆனால், ஓர் ஆபத்தும் உண்டு.

காகிதக் கேள்வித்தாள் ஒரு பிரதியாவது எங்காவது அலமாரியில் கிடைக்கும். 60 ஆண்டு கழித்தும் கிடைக்கும். செல்போனில் உள்ள கேள்வி அப்படி அல்ல. நடுவில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பினால், பழைய சொல் சுவடே இல்லாமல் போய்விடும். முதல் வாரம் கேட்டது ஒன்று, மூன்றாவது வாரம் கேட்டது வேறு என்று ஆகிவிடலாம்.

ஆகவே, திரையில் வந்த ஒவ்வொரு கேள்வியையும், ஒவ்வொரு மொழியிலும், மாறிய தேதியுடன் எழுதி, பதிலோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். இதற்கு இப்போதே வழி செய்வது சர்க்காரின் கடமை. தனியார் நிறுவனங்களுக்கும் அதே கடமை உண்டு.

வாசலில் நிற்பவர்

இதெல்லாம் நிபுணர்கள் விவகாரம், நமக்கு என்ன என்று யாரும் இருந்துவிட முடியாது. கணக்கு எடுப்பவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறார். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான் அவர்.

அவசரப்படாமல், கேள்வியை முழுதாகப் படிக்கச் சொல்ல வேண்டும். புரியாவிட்டால் "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். "நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் சார்" என்று விட்டுவிடக்கூடாது. வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்டால், ஆண்கள் முந்திக்கொண்டு "சும்மா இருக்கிறாள்" என்று சொல்லக்கூடாது.

பத்திரிகையில் "100-க்கு இத்தனை பேர்" என்று படித்தால், அடுத்த வரியில் கேள்வி இருக்கிறதா என்று தேட வேண்டும். வீட்டில் பேரன் செய்தியை உரக்கப் படிக்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட, "யாரிடம் கேட்டானாம்? என்னன்னு கேட்டானாம்?" என்பாள். அவள் கேட்பதுதான் சரியான கேள்வி.

அந்தப் பாட்டி 1971-ல் வாலிபப் பெண்ணாக இருந்திருப்பாள். விடியற்காலையில் மாட்டைக் கறந்துவிட்டு, வயலில் இறங்கி நாற்று நட்டிருப்பாள். "வேலை செய்யாதவள்" என்று அவள் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

என்ன கேட்டு அப்படி எழுதினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கும் உரிமை உண்டு.